ராஜாவுக்குக் கடன் கிடையாது

எங்கள் மளிகைக் கடையில் இரண்டு போர்டு உண்டு. 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒன்று. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அப்பா காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை கடன் கொடுத்துக்கொண்டிருப்பார்.

"பின்ன போர்டு எதுக்குப்பா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

"அது இல்லாட்டி இன்னும் நெறைய கேப்பாங்கடா."

அப்பாவின் வியாபார ஞானம் அவ்வளவுதான் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பி.காம். அவர் எட்டாங்கிளாஸ். நினைக்க மாட்டேனா, பின்னே?

கூத்தாநல்லூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். ஆனால் உள்ளே நுழைந்தால் தெருவுக்குத் தெரு பங்களா நிற்கும். ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் வளைகுடா என்று சபர் போய்ச் சம்பாதித்துக் கட்டியவை. சுற்று வட்டாரத்தில் எங்கள் ஊருக்கு 'சின்ன சிங்கப்பூர்' என்றே பேர். ஒரு ஃபாரின் சென்ட் பாட்டிலை முகர்ந்து பார்க்க இந்தியாவே ஏங்கிய காலத்தில், எங்கள் ஊர் வீடுகளில் கோடாலித் தைலமும் டார்ச் லைட்டும் கைலியும் சூட்கேஸில் வந்து இறங்கிவிடும். 1991 ஜூலை 24ம் தேதி மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்து நாட்டின் கதவைத் திறந்தார் என்பார்கள். எங்கள் ஊர்க் கதவுக்கு அதற்கு முன்னாலும் தாழ்ப்பாள் கிடையாது.

நான் பிறந்ததும் அதே 1991 ஜூலையில்தான். "தாராளமயமும் நீயும் ஒண்ணாப் பொறந்தவங்க. ரெண்டு பேராலயும் எனக்கு அஞ்சு பைசா லாபம் இல்லை" என்பது அப்பாவின் நிரந்தர ஜோக்.

கடைக்கு இரண்டு தினுசு வாடிக்கை. ஒன்று, வெளிநாட்டிலிருந்து பணம் வருகிற வீடுகள். மாதம் ஒருமுறையோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ டிராஃப்ட் வரும். வந்ததும் பையன் மூலம் மொத்தமாகக் கொடுத்து அனுப்புவார்கள். இன்னொன்று, சுற்றியிருக்கும் கிராமங்களிலிருந்து வரும் விவசாயக் கூலிகள். மேட்டூரை ஜூன் 12ம் தேதி திறந்தால் குறுவை. நடவுக்குக் கூலி, களையெடுப்புக்குக் கூலி. அப்புறம் பயிர் தானாக வளரும், கூலி வளராது. அறுப்புக்குத்தான் மறுபடி வேலை. சம்பா அறுத்து தை மாசம் வந்தால் கையில் நாலு காசு புரளும். பயிருக்கு இடைவெளி உண்டு, வயிற்றுக்குக் கிடையாதே! அந்த இடைவெளியை அடைத்தது அப்பாவின் பற்று நோட்டு.

உடனே அப்பாவைக் கர்ண மகாராஜா ஆக்கிவிடாதீர்கள். கடனுக்கு வாங்குகிறவருக்கு ரொக்க விலையைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடத்தான் போடுவார். பாக்கி இருக்கிறவர் அடுத்த தெருக் கடைக்குப் போக முடியாது. போனால் சாயந்திரத்துக்குள் தகவல் வந்துவிடும். தவணை தப்பினவரை நாலு பேர் முன்னால் வைத்து, "போன மாசமே தர்றேன்னு சொன்னியே, என்னாச்சு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பருப்பையும் கட்டிக் கொடுப்பார். திட்டும் பருப்பும் ஒரே பொட்டலம்.

'வாடிக்கை' என்றால் வழக்கம் என்று அர்த்தம். இங்கிலீஷில் 'கஸ்டமர்' என்பதும் அப்படித்தான், வழக்கமாக வருகிறவர். காசு கொண்டுவருகிறவர் என்று இரண்டு பாஷையிலும் அர்த்தம் இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. காலேஜிலும் சொல்லித் தரவில்லை.

*

காலேஜில் சொல்லித் தந்தது வேறு. மார்க்கெட்டிங் பேப்பருக்கு முதல் வகுப்பிலேயே புரொபசர் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கஸ்டமரே ராஜா'. எங்கள் கடை போர்டுகளை நினைத்துக்கொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது. சாயந்திரம் வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"ராஜாவா? எந்த ராஜாடா அரைக் கிலோ வெல்லத்துக்குக் கடன் சொல்லிட்டு நிக்கிறான்?"

அவருக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

இந்த ராஜா எங்கிருந்து வந்தார் என்று பிற்பாடு தோண்டிப் பார்த்தேன். (எழுத ஆரம்பித்த பிறகு வேறு வேலை ஏது?) 1930களில் ஹட் என்ற பொருளாதார நிபுணர் 'நுகர்வோரின் இறையாண்மை' என்ற பதத்தைப் புழக்கத்தில் விட்டார். எதைத் தயாரிப்பது, எவ்வளவு தயாரிப்பது என்பதை முதலாளியும் முடிவு செய்வதில்லை, மந்திரியும் முடிவு செய்வதில்லை, வாங்குகிறவர்தான் முடிவு செய்கிறார் என்பது சாரம். ஆஸ்திரியாக்காரரான மீசெஸ் இன்னொரு படி ஏறினார். மார்க்கெட் என்பது தினம் தினம் நடக்கிற எலெக்ஷன், ஒவ்வொரு காசும் ஒரு ஓட்டுச் சீட்டு என்றார்.

1947 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தில் மான்ட் பெலரின் என்ற மலையூரில் ஹாயெக் என்ற அறிஞர் ஒரு கூட்டம் கூட்டினார். மீசெஸ் வந்தார். அமெரிக்காவிலிருந்து மில்டன் ஃப்ரீட்மன் என்ற இளம் பேராசிரியரும் வந்தார். உலக யுத்தம் முடிந்து, ஒவ்வொரு சர்க்காரும் திட்டம் போடுகிறேன், ரேஷன் கொடுக்கிறேன் என்று இறங்கியிருந்த சமயம். இப்படியே போனால் தனி மனுஷனுடைய சுதந்திரம் என்னாவது என்பது இவர்கள் கவலை. நியாயமான கவலைதான். மீசெஸ் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். வைத்தியம் என்ன? சர்க்கார் கையைக் கட்டு, மார்க்கெட் கையை அவிழ்த்துவிடு. இதற்குத்தான் பின்னாளில் நியோலிபரலிசம் என்று பேர் வந்தது. (தமிழில் நவதாராளவாதம். சொல்லி முடிப்பதற்குள் மன்னார்குடி பஸ் போய்விடும்.)

அந்த ஃப்ரீட்மன் பாடம் நடத்திய சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1953ல் எம்.ஏ. முடித்த பையன் பேர் பிலிப் கோட்லர். ஆமாம் ஸார், பி.காம்., எம்.பி.ஏ. படித்த நாமெல்லாம் தலைக்கு வைத்துப் படுத்த அதே கோட்லர்! அவரை ஃப்ரீட்மன் கட்சி என்று முத்திரை குத்த முடியாது. டாக்டர் பட்டத்துக்கு எதிர்முகாம் சாமுவேல்சனிடம் போனவர் அவர். ஆனால் 1967ல் அவர் எழுதிய மார்க்கெட்டிங் பாடப்புத்தகமும் மலையூர்க் கூட்டத்தின் தத்துவமும் ஜாதகப் பொருத்தம் பார்த்த மாதிரி சேர்ந்துகொண்டன. அவர்கள் 'நுகர்வோரே இறையாண்மை' என்றார்கள். இவர்கள் 'கஸ்டமரே ராஜா' என்றார்கள். தத்துவத்துக்கு ஒரு வேலைக்காரன் கிடைத்தான், வேலைக்கு ஒரு தத்துவம் கிடைத்தது.

1969ல் கோட்லர், லெவி என்ற சக பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்க்கெட்டிங் சோப்புக்கும் பற்பசைக்கும் மட்டும் இல்லை, சர்ச்சுக்கும் மியூசியத்துக்கும் காலேஜுக்கும்கூடப் பொருந்தும் என்றார்கள். பொருத்திவிட்டார்கள். 1991ல், அதே ஜூலையில், பிரிட்டனில் ஜான் மேஜர் அரசு 'குடிமக்கள் சாசனம்' வெளியிட்டது. படித்துப் பார்த்தால் குடிமகனைக் கஸ்டமராக்கிய சாசனம். 1997ல் இந்தியாவிலும் அதே பேரில் வந்தது. அதே 1997ல் டாம் பீட்டர்ஸ் என்கிற நிர்வாக குரு அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், நீயே ஒரு பிராண்ட், உன்னை நீயே விற்கக் கற்றுக்கொள் என்று எழுதினார்.

விளைவு உங்களுக்கே தெரியும். நோயாளி கஸ்டமர். மாணவன் கஸ்டமர். உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டு அக்கவுண்டன்ட் உங்களுக்கு 'இன்டர்னல் கஸ்டமர்'. பெண் பார்க்கப் போனால் நீங்களே சரக்கு. (என் பிராண்டுக்கு ரெண்டு வருஷம் கொட்டேஷனே வரவில்லை.) ரயில்வே ஸ்டேஷனில்தான் பாவம், இன்னமும் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று கூப்பிடுகிறார்கள்.

*

2012ல் ஒரு கம்பெனியில் சேல்ஸ் ரெப் வேலை கிடைத்தது. பேர் வேண்டாம். மன்னார்குடி, திருவாரூர் லைன். பைக், பை, டை. டையை மட்டும் வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே விட்டுவிடுவேன். என் வேலை, கிராமத்துப் பெட்டிக் கடைகளில் ஒரு ரூபாய் பாக்கெட் சரங்களைத் தொங்கவிடுவது. கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் எல்லாம் தொங்கும்.

இதற்கு மூத்தவர் நம்மூர்க்காரர்தான். கடலூர் சின்னிகிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும், அதற்கு எதையும் சின்ன பாக்கெட்டில் போட வேண்டும் என்று யோசித்த மனுஷர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் முதல் போட்டுத் தனியாக ஆரம்பித்ததுதான் 'சிக்' ஷாம்பு. காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் புது பாக்கெட் இலவசம் என்று திட்டம் போட்டு, பெரிய பெரிய கம்பெனிகளுக்கே தண்ணி காட்டினார்.

அதற்குத் தத்துவம் எழுதினவரும் தமிழ்நாட்டுக்காரர். கோயமுத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரான சி.கே. பிரகலாத். பிரமிடின் அடித்தட்டில் புதையல் இருக்கிறது என்று 2004ல் புத்தகம் போட்டார். ஏழையைப் பார்த்து 'ஐயோ பாவம்' சொல்லாதீர்கள், அவரும் விவரம் தெரிந்த கஸ்டமர், அவருக்கேற்ற பொருளை அவருக்கேற்ற விலையில் கொடுங்கள், கம்பெனிக்கும் லாபம், வறுமையும் குறையும் என்றார். டிரெயினிங்கில் இதைக் கேட்டபோது எனக்கு ரோமாஞ்சனம்! நான் சரம் மட்டும் தொங்கவிடவில்லை, வறுமையையே ஒழித்துக்கொண்டிருக்கிறேன்!

கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் உண்மையும் உண்டு. நடவு முடிந்து வரும் ஒரு பெண்பிள்ளை தன் காசு ஒரு ரூபாயை எடுத்து நீட்டி, "அந்த ஷாம்பு ஒண்ணு" என்று கேட்கும்போது யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எங்கப்பா நோட்டில் பேர் எழுதிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை. ரொக்கத்துக்கு ஒரு நிமிர்வு உண்டு. மலையூர்க் கூட்டத்தார் சொன்ன சுதந்திரத்தில் அதுவும் சேர்த்தி.

ஆனால் ஒன்று. அப்பா தராசில் பத்து கிராம் குறைத்தால் முத்திரை ஆபீஸர் வந்து கேஸ் போடுவார். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கம்பெனி பத்து கிராம் குறைத்தால் அதற்குப் பேர் 'நியூ பேக்'. எடையைப் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் சட்டப்படி சரி. ராஜா படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "என்னடா, பிஸ்கட்டு வருஷா வருஷம் எளைச்சுக்கிட்டே போவுது, டயட்டா?" என்பார் அப்பா.

*

2016 ஜூலையில் அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன். அதற்குள் என்னையும் டார்கெட்டையும் கம்பெனி பிரித்துவிட்டிருந்தது. ஆக, கடையில் நான். கையில் பி.காம்., தலையில் கோட்லர், மனசில் பிரகலாத். கேட்க வேண்டுமா?

பழைய மர அலமாரியைத் தூக்கிவிட்டு ரேக் போட்டேன். கம்ப்யூட்டர் பில் போட்டேன். பற்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து வாடிக்கைகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்தேன். டிராஃப்ட் வரும் வீடுகள் ஏ. சம்பளக்காரர்கள் பி. அறுப்பு வந்தால் தருகிறேன் என்பவர்கள் சி. ஏ, பி மட்டும் கம்ப்யூட்டரில் ஏறினார்கள். சி லிஸ்டில் முப்பத்தோரு பேர். அவர்களுடைய பாக்கியை, காலேஜில் படித்தபடி, 'வாராக்கடன்' என்று ஒரே என்ட்ரியில் தள்ளுபடி செய்தேன். கெடுபிடி வசூல் இல்லை, சண்டை இல்லை. எவ்வளவு பெருந்தன்மை! இனிமேல் எல்லாருக்கும் ரொக்கம்தான். நோட்டு பழைய பேப்பர்காரனோடு போயிற்று.

ஆகஸ்டில் ஒரு நாள் ஒரு ஆயா வந்தார். களையெடுப்புக்குப் போகிறவர். எழுபது வயசு இருக்கும். நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன்.

"தம்பி, கால் கிலோ துவரம் பருப்பு, நூறு எண்ணெ. நோட்டுல எழுதிக்க."

"நோட்டு இப்ப இல்ல ஆயா. ரொக்கம்தான். அஞ்சு ரூபாயில, பத்து ரூபாயில சின்ன பாக்கெட் போட்டிருக்கோம். எது வேணுமோ பாத்து எடுத்துக்கங்க." ரேக்கைக் காட்டினேன். டிரெயினிங்கில் சொன்ன மாதிரி சிரித்த முகம்.

ஆயா ரேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அஞ்சு ரூவா இருந்தா நான் ஏன்ப்பா கேக்குறேன்?"

அப்புறம் வரவில்லை. சி லிஸ்டில் இருந்த யாருமே வரவில்லை. எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. கம்ப்யூட்டரிலும் தெரியவில்லை. இல்லாத பேர் எப்படிக் குறையும்?

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு வந்து பார்த்தார். ரேக்கைத் தடவிப் பார்த்தார். "நோட்டு எங்கடா?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

*

ஆகஸ்டில் நான் கடனை ஒழித்தேன். நவம்பர் 8ம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் தோன்றி ரொக்கத்தை ஒழித்தார்!

ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அந்த இரண்டு நோட்டுதான். மறுநாள் காலை என் ஏ லிஸ்ட் மொத்தமும் வாசலில் நின்றது. சிங்கப்பூரிலிருந்து பணம் பாங்கில் பத்திரமாக இருக்கிறது, எடுக்க முடியாது. வரிசையில் நின்று புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வாங்கி வந்தாலும் அதற்குச் சில்லறை எவனிடம் இருக்கிறது? பங்களா வீட்டு அம்மா ஒருவர் தயங்கித் தயங்கி, "தம்பி, அப்பா காலத்துல எழுதி வைப்பாங்களே..." என்று இழுத்தார். என் ஏ லிஸ்ட் ஒரே ராத்திரியில் சி ஆகிவிட்டது.

கம்பெனி ரெப் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. கோட்லரிலும் அத்தியாயம் இல்லை. அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். ரெண்டு மாசம் கடை ஓடியது அந்த நோட்டால்தான்.

ஆனால் சி லிஸ்ட் வரவில்லை. அவர்களைத்தான் நான் 'இனிமேல் இல்லை' என்று சொல்லி அனுப்பியாயிற்றே. அந்த வருஷம் மேட்டூரைத் திறந்ததே செப்டம்பர் 20ம் தேதிதான். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. சம்பா கண்ணெதிரே கருகியது. 2017 ஜனவரி 10ம் தேதி தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அறுப்பே இல்லை என்றால் கூலி ஏது? கூலி இல்லாதவர் ரொக்கத்துக்கு எங்கே போவார்?

பொங்கல் கழிந்து ரேஷன் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு பேர் தள்ளி அதே ஆயா, கையில் பையும் கார்டும்.

ரேஷன் கடையில் யாரையும் ராஜா என்று சொல்ல மாட்டார்கள் ஸார். "ஓரமா நில்லு" என்பார்கள். பாமாயில் நாளைக்கு வா என்பார்கள். எடை போடும்போது தட்டு நிற்பதற்குள் கொட்டிவிடுவார்கள். எல்லாம் உண்டு. ஆனால் அந்த வரிசையில் நின்றபோதுதான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. இங்கே எண்ணுவது தலையை. என் கடையில் நான் எண்ணியது காசை. மீசெஸ் சொன்ன எலெக்ஷனில் காசுதான் ஓட்டுச் சீட்டு என்றால், பங்களாவுக்கு ஆயிரம் ஓட்டு, ஆயாவுக்கு அந்த மாசம் ஒரு ஓட்டும் இல்லை. பணக்காரனுக்கு ஓட்டு அதிகம் என்பது மீசெஸுக்கும் தெரியும். முந்தின எலெக்ஷனில் ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடுத்துத்தானே அவன் பணக்காரன் ஆனான் என்று பதில் வைத்திருந்தார். சரி, இருக்கட்டும். மழை பெய்யாததற்கு ஆயா எந்த எலெக்ஷனில் தோற்றார்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1997ல் மத்திய அரசு, ரேஷன் எல்லாருக்கும் வேண்டாம், வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்துக் கொடுங்கள் என்று திட்டம் கொண்டுவந்தது. அதன் இங்கிலீஷ் பேரிலேயே 'டார்கெட்' உண்டு. நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்த அதே ஏ, பி, சி வேலை! தமிழ்நாடு மட்டும், நாங்கள் பிரிக்க மாட்டோம், கார்டு எல்லாருக்கும் என்று நின்றது. அரிசி வேண்டுமா, அதற்குப் பதில் சர்க்கரை வேண்டுமா என்பதைக் கார்டுக்காரரே சொல்லிக்கொள்ளலாம். நான் சர்க்கரைக் கார்டு. அப்போது கிலோ 13 ரூபாய் 50 காசு. அரிசிக் கார்டுக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். அதனால்தான் ஆயாவும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். சலித்து எடுக்கிறேன் என்று யாராவது உட்கார்ந்திருந்தால், என்னை மாதிரி ஒரு பி.காம். அவரை அங்கேயும் விட்டிருப்பான்.

பிரகலாத்துக்கு அவருடைய மிச்சிகன் பல்கலைக்கழகத்திலேயே ஒருவர் மறுப்பு எழுதினார். அனீல் கர்ணானி, 2007ல். பாக்கெட்டைச் சின்னதாக்கினால் ஏழையின் வருமானம் பெரிசாகாது, அவரிடம் விற்பதை விடு, அவர் விளைவிப்பதை வாங்கு, அவருக்கு வேலை கொடு என்பது அவர் வாதம். எங்கள் பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும் விவசாயியைக் கேட்டால், இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். ராஜா பட்டம் வேண்டாம், ஈரப்பதம் என்று திருப்பி அனுப்பாமல் எடுத்துக்கொண்டால் போதும் என்பார்.

ஆயா திரும்பிப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். தப்பவில்லை.

"தம்பி, அப்பாவுக்குக் கண்ணு தேவலையா?"

"தேவல ஆயா."

அரிசி வாங்கிக்கொண்டு போகாமல் எனக்காகக் காத்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டை எடுத்தார்.

"நூறு நாள் வேலைக் காசு வந்துச்சு. அறுநூத்தி நாப்பது தரணும். இப்ப இத வச்சுக்க."

"அதெல்லாம் வேணாம் ஆயா. உங்க கணக்கை அப்பவே கழிச்சாச்சு."

நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். ஆயாவின் முகம் மாறியது.

"யாரைக் கேட்டுக் கழிச்ச? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நூறு ரூபாயை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, "மொதலாளிகிட்ட சொல்லு, அறுப்பு வந்தா மீதி" என்று பையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் இத்தனை நாளும் அவர் கடனை மறக்கவில்லை. அவரை மறந்தது நான்தான். வாராக்கடன் என்று நான் அடித்த கோடு கணக்கின் மேல் விழவில்லை, ஆள் மேல் விழுந்திருக்கிறது.

கடைக்கு வந்தேன். பி.காம். பாடப்படி, தள்ளுபடி செய்த கடன் திரும்பி வந்தால் அதை லாபக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. கம்ப்யூட்டரைத் திறந்தேன். லாபம் என்று அடிக்கக் கை வரவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் நாற்பது பக்க நோட்டை என் பக்கம் தள்ளினார். புதுப் பக்கத்தில் ஆயா பேரை எழுதினேன். பற்று 640. வரவு 100. பாக்கி 540.

அடுத்த வாரம் ஆயா வந்தார். கால் கிலோ துவரம் பருப்பு, நூறு எண்ணெய். எழுதிக்கொண்டேன். ரொக்க விலைக்கே எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "ரெண்டு ரூபா கூடப் போட மறந்துட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தோரு பேரில் பதினெட்டு பேர் திரும்ப வந்தார்கள். மற்ற பதின்மூன்று பேர் வரவில்லை. அவர்கள் பேரை நோட்டில் பார்க்க முடியாது, அந்த நோட்டைத்தான் நான் எடைக்குப் போட்டுவிட்டேனே.

போர்டு இரண்டும் இன்னும் அங்கேயேதான் தொங்குகின்றன.